26 ஸ்லைடுக்கு 94 எம்பியா? எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

தும்பி:
வணக்கம். பவர்பாயிண்ட் ஃபைல் ஒன்று. மொத்தம் 26 ஸ்லைடு, அதில் பாதி வெறும் எழுத்து. ஆனாலும் 94 எம்பி காட்டுகிறது. நாளை மறுநாள் காலைக்குள் மெயிலில் போக வேண்டும். அந்தப் பக்கம் 20 எம்பிக்கு மேல் வாங்காது. லிங்க் அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், ஃபைலாகவே வேண்டும் என்றுவிட்டார்கள்.

என்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டேன். போட்டோக்களை மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினேன், துளிகூடக் குறையவில்லை. ஜிப் செய்தேன், 93. கம்ப்ரஸ் பிக்சர்ஸ் அழுத்தினேன், 92. வீடியோ ஒன்று இருக்கிறது, ஆனால் அதை 40 விநாடிக்கு வெட்டித்தான் வைத்திருக்கிறேன், அதன் மேல் சந்தேகப்பட மனம் வரவில்லை. வேறு என்ன செய்யலாம்?

காகிதக்கப்பல்:
பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்தது.

தும்பி:
வீடியோ ஓட வேண்டுமே. அவர்கள் இரண்டு ஸ்லைடில் திருத்தமும் செய்வார்கள். பிடிஎஃப் சரிப்படாது.

பழையசாவி:
தும்பி, முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் செய்யப்போவதில் பாதி, சேமித்து மூடிவிட்டால் திரும்பி வராது. ஒருமுறை நகல் இல்லாமல் ஆரம்பித்து, 96 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 96 புள்ளி) இறக்கின ஒரு வரைபடத்தைச் சுவரளவுத் திரையில் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு அமுக்காதீர்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள். 2007இல் வந்த பிபிடிஎக்ஸ் என்ற பவர்பாயிண்ட் ஃபைல் வகையே ஒரு ஜிப் மூட்டைதான். நீங்கள் ஜிப் செய்தும் குறையாததற்குக் காரணம் அதுவே. நகலின் பெயரில் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸை அழித்துவிட்டு ஜிப் என்று போடுங்கள். கணினி பயமுறுத்தும், பரவாயில்லை என்று சொல்லுங்கள். திறந்தால் பிபிடி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மீடியா என்று இன்னொன்று. அதை அளவு வாரியாக அடுக்கி, மேலே இருக்கும் பத்தை இங்கே எழுதுங்கள். குற்றவாளி அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

மூலையைப் பிடித்து இழுத்தால் ஏன் குறையாது என்றால், ஸ்லைடில் நீங்கள் பார்ப்பது ஜன்னல் மாதிரி. ஜன்னலைச் சின்னதாக்கினால் வெளியே இருக்கும் தோட்டம் சின்னதாகாது. படத்தை க்ராப் செய்தாலும் அப்படித்தான், வெட்டின பகுதி உள்ளேயே இருக்கும்.

தும்பி:
திறந்தேன். தலை சுற்றுகிறது. வீடியோ மட்டும் 41 எம்பி! இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், 40 விநாடி இல்லை, முழு ஆறு நிமிடமும் ஓடுகிறது. நான் வெட்டின இடத்தில், கேமராவை மேசையில் வைத்துவிட்டு நான் இருமுவதுகூட இருக்கிறது. அப்புறம் பிஎன்ஜி படம் ஆறு, ஒவ்வொன்றும் 3 எம்பி, எல்லாம் ஏதோ நீல நிற அலை. இப்படிப் படம் என் ஸ்லைடுகளில் எங்குமே இல்லை. போட்டோ பதினான்கும் சேர்த்து 26.

பழையசாவி:
இருமலை அவர்களுக்கு அனுப்பாமல் தப்பித்தீர்கள்.

வீடியோ: பவர்பாயிண்டில் ட்ரிம் செய்தால் எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் பதிவாகும். ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்துக்குப் போய் கம்ப்ரஸ் மீடியாவைத் தேர்ந்தெடுங்கள். 1080, 720, 480 என்று மூன்று தெளிவு அளவுகளில் எது என்று கேட்கும். 720 போதும். 480இல் முகம் குழைந்துவிடும்.

நீல அலை: இந்த ஃபைலை ஏதாவது பழைய ஃபைலின் மேலேயே செய்தீர்களா? வியூவில் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்து பாருங்கள். நீங்கள் தொடாத லேஅவுட்டுகளின் (ஸ்லைடுக்கான அச்சுகளின்) பின்னணியில் அது இருக்கும். பயன்படாத லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து டெலீட் அடியுங்கள். பயன்படுவதை அழிக்க அது விடாது, அதனால் பயப்பட வேண்டாம்.

போட்டோ: கம்ப்ரஸ் பிக்சர்ஸ் பெட்டியில் மேலே ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுக்காமல் ஓகே கொடுத்திருப்பீர்கள். பதினான்கில் ஒன்று மட்டும் இளைத்தது, 94 போய் 92 ஆனது. இதில் விழாத ஆளை நான் பார்த்ததில்லை. அந்த டிக்கை எடுங்கள், வெட்டின பகுதிகளை நீக்கும் டிக் மட்டும் இருக்கட்டும், 150 பிபிஐயைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் 150 என்றால், அகலத்திரை ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். 150ஆல் பெருக்கினால் 2000 புள்ளி. வழக்கமான புரொஜெக்டர் காட்டுவதே 1920 தான். கைபேசி போட்டோ 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. திரையில் தெரியப்போவது 20 லட்சத்துச் சொச்சம். மீதியை யாருக்காகச் சுமக்கிறோம்? தாளில் அச்சடிப்பதாக இருந்தால் மட்டும் 220 வையுங்கள்.

தும்பி:
17 எம்பி!! வீடியோ 6, போட்டோ எல்லாம் சேர்த்து 4. ஆமாம், மூன்று வருடப் பழைய ஃபைலின் மேல்தான் செய்தேன். நன்றி, நன்றி. அனுப்பிவிட்டு வருகிறேன்.

தும்பி:
திரும்பி வந்துவிட்டது. ‘அளவு மீறியது’ என்கிறது. 17 எப்படி 20ஐ மீறும்?

காகிதக்கப்பல்:
மெயிலில் இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 17 போய் 23 ஆகிறது. 20 என்று சொன்னால் 15க்கும் கொஞ்சம் கீழேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். (பிடிஎஃப் ஆக்கியிருந்தால் இந்நேரம் தூங்கியிருக்கலாம்.)

வெள்ளைப்பலகை:
நான் பவர்பாயிண்ட் வைத்திருக்கவில்லை, லிபர்ஆஃபீஸ்தான். அதில் டூல்ஸ் மெனுவில் மினிமைஸ் பிரசன்டேஷன் என்று ஒன்று படிப்படியாகக் கேட்டுக்கேட்டுச் செய்யும். ஆப்பிளின் கீநோட்டிலும் ஃபைல் மெனுவில் ரெட்யூஸ் ஃபைல் சைஸ் உண்டு. தும்பிக்கு ஒரு கேள்வி: ஃபாண்ட்டை உள்ளே பதித்திருக்கிறீர்களா? தமிழ் எழுத்துரு கட்டம் கட்டமாக வந்துவிடுமோ என்று பயந்து நான் எப்போதும் பதிப்பேன், அதுவும் கொஞ்சம் இடம் பிடிக்கும்.

பழையசாவி:
ஃபாண்ட்டைத் தொடாதீர்கள் தும்பி, அவர்கள் திருத்தப்போகிறார்கள் என்றீர்களே. 17இல் 6 வீடியோ, 4 போட்டோ என்றால் மீதி 7 எங்கே? மீடியாவுக்குப் பக்கத்திலேயே எம்பெடிங்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். எக்செல் சார்ட் ஏதாவது ஒட்டினீர்களா?

தும்பி:
19ஆம் ஸ்லைடு. ஐந்து கம்பி உள்ள ஒரு சின்ன சார்ட். அந்த ஃபோல்டரில் 6 எம்பிக்கு ஓர் எக்செல் இருக்கிறது. திறந்தால்... எங்கள் மொத்த வொர்க்புக்கும், பதினோரு ஷீட். அதில் ஒன்று எல்லாருடைய சம்பளம்.

பழையசாவி:
மெயில் திரும்பி வந்தது நல்லதுக்குத்தான். சார்ட்டை கட் செய்து, அதே இடத்தில் ரைட் கிளிக் செய்து பிக்சராக ஒட்டுங்கள். எண்களைத் திருத்த முடியாது, அவ்வளவுதான். சேமித்தபின் மறுபடி ஜிப்பாக்கி அந்த ஃபோல்டர் காலியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தும்பி:
காலி. 11 எம்பி, போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது போன மாதம் அனுப்பின ஃபைலைத் திறந்து பார்க்கப் போகிறேன். அதிலும் இதே சார்ட்தான் இருந்தது.