அமெரிக்கப் பேரு, சீனா ஸ்டாம்ப்பு: பாக்கெட் கத்தி விஷயத்துல உங்களுக்கு நடந்தத போடுங்க

கூர்முனை
கேட்ஸ்கில் மலைப் பக்கம் ஒரு பழைய சாமான் சந்தை, ஒரு பெரியவர் டேபிள்ல ஷ்ரேட் கம்பெனியோட ஓல்ட் டைமர் மடக்குக் கத்தி ரெண்டு கிடந்துச்சு. ஒண்ணு நியூயார்க் மாநிலத்து எலன்வில்ல, அவங்க பழைய ஃபேக்டரில செஞ்சது, இன்னொண்ணு 2004-ல ஷ்ரேட் ஃபேக்டரிய மூடினப்புறம் பேர மட்டும் வாங்கி சீனாவுல போடறாங்களே, அது. ரெண்டையும் மாத்தி மாத்தி நான் பாத்துட்டிருந்தத பாத்துட்டு அவரு பேசாம என் கையிலருந்து வாங்கி, என் காது கிட்ட வெச்சு ஒவ்வொரு பிளேடா மூடிக் காட்டினாரு. பழசு டக்குன்னு விழுந்துச்சு. புதுசும் டக்குன்னுதான் விழுந்துச்சு! அவரு மூஞ்சில "இப்ப புரியுதா?"ங்கற மாதிரி ஒரு பார்வை. நானும் பெரிய மனுசன் மாதிரி தலைய ஆட்டிட்டேன். அந்த ஃபேக்டரிய மூடினப்ப 250 பேருக்கு மேல வேலை போச்சு, இவரும் அதுல ஒருத்தரான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. நெசமாவே சத்தத்துல வித்தியாசம் தெரியுமா, யாராச்சும் சொல்லுங்கப்பா.

டெக்ஸாஸ் மச்சான்
தெரியாது ப்ரோ. காதுலயும் தெரியாது கண்ணுலயும் தெரியாது, ஸ்டாம்ப்ப பாத்தாதான் தெரியும். எங்க ஷாப்ல ஒரு சீனியர், என் கத்திய பாத்து (சீனாவுல யாங்ஜியாங்ல செஞ்சது, பிளேடு நட்டநடு சென்டர்ல நிக்கும், ஒரு ஆட்டம் கிடையாது) "பொம்மையா இது"ன்னு எல்லார் முன்னாடியும் நக்கல். அவரோடது பேர் போன அமெரிக்கன் பிராண்டு, வருசக்கணக்கா பாக்கெட்லயே வெச்சிருக்காரு. குடுங்க பாப்போம்னு வாங்கி வெளிச்சத்துல திருப்பினேன், பிளேடு பிடிக்குள்ள போற இடத்துல பொடி எழுத்துல "சைனா". மனுசன் கண்ணாடிய மாட்டி ஒரு தடவ படிச்சாரு, கழட்டி ஒரு தடவ படிச்சாரு. அப்புறம் "டிசைன் இங்கதான்"னாரு. நான் ஒண்ணும் சொல்லல. இறக்குமதிக் கத்தின்னா நாட்டுப் பேர ஸ்டிக்கர்ல ஒட்டி தப்பிக்க முடியாது, உலோகத்துலயே குத்தணும் இல்ல எட்ச் பண்ணணும், கஸ்டம்ஸ் ரூல் அப்படி. அது எழுதித்தான் இருந்துச்சு, அவரு பாக்கல, அவ்ளோதான்.

ஐடஹோ குளிர்
இங்க போஸ்ட் ஃபால்ஸ்ல பக்-னு ஒரு கத்தி கம்பெனி, அவங்க ஃபேக்டரி டூர் போயிருக்கேன். அவங்க 110 மாடல் மடக்குக் கத்தியோட பித்தளைய பாலிஷ் போடற அம்மா நிமிர்ந்து கூட பாக்காம வேல செஞ்சிட்டிருந்தாங்க, கையெல்லாம் கருப்பு, அது இன்னும் கண்ணுலயே நிக்குது.

இப்ப புதுசா வாங்கறவங்களுக்கு சொல்றேன், சும்மா அமெரிக்கன் பிராண்டுன்னு வாங்காதீங்க, மாடல பாருங்க. பக்லயே 110 இங்க செய்யறது, அதே பேருல சில மலிவு மாடல் சீனாவுலருந்து வருது. 110 வந்தது 1964-ல, கம்பெனி கலிஃபோர்னியாவ விட்டு ஐடஹோ வந்தது 2005-ல, செலவு தாங்கல அங்க. ஸ்டீல் 420எச்சி-ங்கற சாதா ரகம்தான், அத மட்டமா பேசாதீங்க, ஹீட் ட்ரீட்மென்ட் (சூடு பண்ணி பதம் ஏத்தறது) ஒழுங்கா இருந்தா போதும், ஸ்டீல் பேர பாத்து காச கொட்டறவன் ஏமாளி. கேஸ்-ங்கற கம்பெனி கத்தி வாங்கினா பிராட்ஃபோர்டு, பென்சில்வேனியா, 1993-லருந்து லைட்டர் செய்யற ஜிப்போ கையில இருக்கு, இன்னும் அங்கயேதான் செய்யறாங்க. பழைய கேஸ் வாங்கறவங்க செஞ்ச வருசம் தெரிய பிளேடு ஸ்டாம்ப்புல இருக்கற புள்ளிய எண்ணுங்க, 1970-ல பத்து புள்ளி, அப்புறம் வருசத்துக்கு ஒண்ணு குறையும். கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி கத்தி வாங்கினா 1095 கார்பன் ஸ்டீல், எலுமிச்சம்பழம் வெட்டிட்டு துடைக்காம வெச்சா துரு பிடிக்கும், எண்ணெய் ஒரு சொட்டு போடுங்க. சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுன்னு ஒட்டும். அப்புறம் "மேட் இன் யுஎஸ்ஏ"ன்னு மொட்டையா போடணும்னா கிட்டத்தட்ட முழுசுமே இங்க செஞ்சதா இருக்கணும், பாகம் பாகமா வெளிய வாங்கிப் பூட்டினா அப்படி போட முடியாது. டப்பாவுல கொடி படம் இருக்குன்னு நம்பாதீங்க.

ஓஹையோ கல்லாப்பெட்டி
அண்ணே, அவரு கேட்டது சத்தத்த பத்தி, நீங்க சிலபஸே நடத்திட்டீங்க 😀

நான் ஹார்ட்வேர் கடைல கத்தி கவுன்டர்ல நின்னவ. தொப்பில கொடி குத்தின ஒருத்தர் வந்து கண்ணாடிப் பெட்டிய தட்டி "சைனா சாமான் எதையும் என் முன்னாடி எடுத்து வைக்காதம்மா"ன்னாரு. சரின்னு எலும்புப் பிடி போட்ட டிராப்பர் (ரெண்டு பிளேடு மடக்குக் கத்தி) ஒண்ண எடுத்து வெச்சேன், இங்க செஞ்சது. ஆசையா தடவிப் பாத்தாரு, விலைச்சீட்ட திருப்பினாரு, அப்படியே வெச்சிட்டு போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பி வந்து, அதே மாதிரி சீனா டிராப்பர், அஞ்சுல ஒரு பங்கு விலை, அத காட்டி "பையனுக்கு"ன்னாரு. நான் கேக்கவே இல்லயே யாருக்குன்னு! பில் போடறப்ப என் மூஞ்சியவே பாக்கல. அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங்கும் பிளேடும் பிடியும் ஒரே மட்டத்துல வர கையால ராவி ராவித்தான் எடுக்கணும், அந்த கைக்கு இங்க மணிக் கூலி என்ன, அங்க என்ன. மச்சான் மாதிரி ஆளுங்க இத ஏதோ மானப் பிரச்சினை ஆக்கிடறீங்க.

டெக்ஸாஸ் மச்சான்
நானா ஆக்கினேன்? ஆரம்பிச்சது அந்த சீனியர் அக்கா!

ஓரமா நிக்கிறவன்
எங்க வீட்டு ஓனர் கிட்ட கெர்ஷா லீக் இருக்கு, என்கிட்ட ஸ்பைடர்கோ டெலிகா. "ஜப்பான் கம்பெனி கத்தி போதும்னு இருக்கேன், நீ அமெரிக்கன் வெச்சிருக்க, பரவால்லயே"ன்னாரு. ரெண்டையும் டேபிள்ல பக்கத்துல வெச்சோம். அவரோடதுல யுஎஸ்ஏ, ஒரிகன்ல செஞ்சது. என்னோடதுல செகி சிட்டி, ஜப்பான். சத்தமில்லாம அவரு கத்திய என் பக்கம் தள்ளினாரு, என்னோடத அவரு எடுத்துக்கிட்டு சிரிச்சாரு. ரெண்டு நிமிசம் கழிச்சு திருப்பி வாங்கிட்டாரு, அது வேற.

ஐடஹோ குளிர்
டெலிகா செகிதான், அதே ஸ்பைடர்கோவோட பாராமிலிட்டரி 2 இங்க கொலராடோல கோல்டன்ங்கற ஊர்ல செய்யறது, டெனேஷியஸ் மாடல் சீனா. அதான் மாடல பாருங்கன்னு சொன்னேன். சத்தத்துக்கு பதில்: தினம் பத்து கத்தி மூடிப் பாத்தா தெரியும்.

கூர்முனை
பத்து கத்திக்கு யாரு காசு தர்றது அண்ணே?