எண்டோஸ்கோப்பி மின்கத்தியின் நுனியில் பீங்கான் குமிழ் எதற்கு? கருவி வடிவமைப்பு பற்றி ஒரு கேள்வி

செங்காந்தள்

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. இரைப்பையில் தொடக்க நிலையிலேயே கண்டறியப்படும் புற்றுநோயை, வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அறுத்தெடுக்கும் கருவி ஒன்றை வடிவமைப்பதுதான் என் திட்டப்பணி. இதற்காகப் படித்தபோது, கம்பிக் கண்ணியால் சுருக்கி அறுக்கும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தும், 1990களின் பிற்பகுதியில் ஜப்பானியத் தேசியப் புற்றுநோய் மையத்து மருத்துவர்கள் ஐ.டி. கத்தி என்ற புதிய மின்கத்தியை உருவாக்கினார்கள் என்று அறிந்தேன். அதன் நுனியில் மின்சாரம் கடத்தாத பீங்கான் குமிழ் ஒன்று இருக்கிறது. வெட்டுவதற்கென்றே செய்த கருவியின் நுனியை வெட்டவிடாமல் தடுத்தது ஏன்? கண்ணியில் அப்படி என்ன குறை இருந்தது? புதிதாக ஒரு கருவியைச் செய்பவர் முதலில் எதை அளக்க வேண்டும்: வேகத்தையா, இரத்தக் கசிவையா, வேறெதையாவதா?

பொருநை

இரைப்பை குடல் மருத்துவராகப் பதில் எழுதுகிறேன். கருவியைப் பார்ப்பதற்கு முன் நோயைப் பாருங்கள். இரைப்பைச் சுவரில் உள்ளிருந்து வெளியே சளிச்சவ்வு, அதற்கு அடியில் தளர்வான ஒரு இணைப்புத்திசு அடுக்கு, பிறகு தசை என்று வரிசையாக இருக்கின்றன. புற்று சளிச்சவ்வோடு நின்றிருந்தால் நிணநீர்க் கணுக்களுக்கு அது பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் கோத்தோதாவின் குழுவினர், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 5,000-க்கும் மேற்பட்ட தொடக்க நிலை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சளிச்சவ்வைத் தாண்டாத, நன்கு வேறுபட்ட (அதாவது இயல்பான உயிரணுக்களை ஒத்த) உயிரணுக்களைக் கொண்ட, 3 செ.மீ.க்கும் குறைவான 1,230 கட்டிகளில் ஒன்றில்கூடக் கணுப் பரவல் இல்லை. இத்தகையவர்களுக்கு இரைப்பையை வெட்டி எடுக்கத் தேவையில்லை என்ற துணிவை மருத்துவர்களுக்குத் தந்தவை இத்தகைய எண்களே.

கண்ணி முறையில், கட்டிக்கு அடியில் உப்புநீரைச் செலுத்தி மேலே எழும்பச் செய்து, கண்ணியைப் போட்டு இறுக்கி அறுப்போம். ஏறத்தாழ 2 செ.மீ. வரை இது நன்றாக நடக்கும். அதற்கு மேல் கட்டியைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும். துண்டுகளுக்கு இடையில் எஞ்சுவது அதே இடத்தில் மீண்டும் வளரும். ஆகவே, கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைச் சுற்றிலும் கோடிட்டு, அடியிலும் அறுத்து, ஒரே துண்டாகப் பெயர்த்தெடுக்கும் கத்தி தேவைப்பட்டது.

ஊசிமுனை மின்கத்தியால் அப்படி அறுக்கலாம். ஆனால் இரைப்பைச் சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். நோயாளி மூச்சு விடுகிறார், இரைப்பை அசைகிறது, கத்தியோ ஒரு மீட்டர் நீளக் குழாயின் மறுமுனையில் இருக்கிறது. முனை சற்றே ஆழமாகப் போனாலும் தசை ஓட்டையாகிவிடும். பீங்கான் குமிழ் தடுப்பது இதைத்தான். ஊசிக்கத்தியால் முதலில் ஒரு சிறு துளையிட்டு, குமிழை அதற்குள் நுழைத்து, கத்தியைப் பக்கவாட்டில் வைத்து இழுத்தால் குமிழுக்குப் பின்னால் உள்ள கம்பி மட்டும் அறுக்கும்; குமிழ் தசையின் மேல் வழுக்கிச் செல்லும். வெட்டும் திறனைக் குறைத்துத்தான் பாதுகாப்பைப் பெற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். விலையும் இருந்தது: குறுக்குவாட்டில் அறுப்பது கடினமாயிற்று. அடுத்து வந்த ஐ.டி. கத்தி 2-இல், குமிழின் பின்புறத்தில் மூன்று குட்டையான உலோகக் கிளைகளைச் சேர்த்து அந்தக் குறையைக் குறைத்தார்கள். இதே காலத்தில் ஜப்பானிய மருத்துவர்களான ஒயாமா கொக்கி வடிவக் கத்தியையும், யஹாகி வளைகம்பிக் கத்தியையும் கொண்டுவந்தார்கள். உப்புநீர் விரைவில் வடிந்துவிடுவதால், யமாமோட்டோ என்ற மருத்துவர் பிசுபிசுப்பான ஹயலூரோனிக் அமிலக் கரைசலைப் பயன்படுத்தினார். கத்தியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் கருத்தில், மேடு நெடுநேரம் நிலைக்கும்படி செய்த இந்தத் திரவத்தின் பங்கும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஜப்பானில் 2006-இல் இரைப்பைப் புற்றுக்கான இந்தச் சிகிச்சை அரசுக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டது.

நெய்தல்

செங்காந்தள் அவர்கள் முதலில் எதை அளப்பது என்று கேட்டிருந்தார்கள். நான் நோய்க்குறியியல் மருத்துவர். பெயர்த்தெடுத்த திசு எங்கள் மேசைக்கு வந்து சேரும் நிலையை அளக்கச் சொல்வேன்.

ஒரே துண்டாக வந்த திசுவை, சுருண்டுவிடாதபடி தட்டையாக விரித்து, ஓரங்களில் ஊசி குத்திப் பலகையில் பொருத்தி, ஃபார்மலினில் ஊறவைப்போம். பிறகு 2 மி.மீ. இடைவெளியில் சீவி, ஒவ்வொரு சீவலின் பக்க ஓரத்திலும் அடி ஓரத்திலும் புற்று எட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்போம். சளிச்சவ்வைத் தாண்டி அடியில் அரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால், நோயாளியைப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கே அனுப்ப வேண்டியிருக்கும். மின்சூடு ஓரத்தைக் கருக்கிவிட்டால் உயிரணுக்கள் நீண்டு நசுங்கித் தெரியும். ஓரம் சுத்தமா இல்லையா என்று எங்களால் எழுத முடியாது. அப்போது சிகிச்சை முடிந்துவிட்டதா என்பதையே நோயாளியிடம் உறுதியாகச் சொல்ல இயலாமல் போகிறது. ஆகவே உங்கள் சோதனையில் வெட்டிய நேரத்தோடு, ஓரத்தில் கருகிய பகுதியின் அகலத்தையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் பன்றி இரைப்பையிலேயே இதைத் தொடங்கலாம். எண்டோஸ்கோப்பி பயிற்சியிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் இரத்தம் ஓடாது என்பதை நினைவில் வைத்து, கசிவு பற்றிய முடிவுகளை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

செங்காந்தள்

இருவருக்கும் மிக்க நன்றி. கருகிய ஓரத்தை அளப்பது என் திட்டத்தில் இல்லவே இல்லை, சேர்த்துக்கொள்கிறேன். இன்னொரு ஐயம். காயம் சிறிதாக இருக்கும் சிகிச்சையே நோயாளிக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம்தானே?

குறிஞ்சி

புற்றுநோயில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்பதை, மகளிர் புற்றுநோய் அறுவைத் துறையிலிருந்து அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள திசுக்களோடு கருப்பையை நீக்கும் அறுவையை, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் முறை) அல்லது ரோபோ வழியாகச் செய்வது பல ஆண்டுகள் பரவலாக இருந்தது. வலி குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. 631 பெண்களைக் கொண்டு நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2018-இல் வெளிவந்தபோது, நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, சிறுதுளை அறுவையில் 86 விழுக்காடு என்று தெரியவந்தது. கருப்பையை அசைக்கப் பயன்படும் கருவி புற்றணுக்களைச் சிதறச் செய்கிறதா, வயிற்றை உப்ப வைக்கும் வாயு காரணமா என்று அதன்பின் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன.

கருப்பைக் கட்டிகளைச் சிறு துளை வழியே எடுப்பதற்காக உள்ளேயே அரைத்துத் துண்டாக்கும் மின்கருவியின் கதையும் இதைப் போன்றதுதான். சாதாரண நார்க்கட்டி என்று நினைத்து எடுக்கப்பட்டவற்றில் சில சார்க்கோமா என்ற புற்றுநோயாக இருந்தன. அரைத்தபோது அது வயிற்றுக்குள் பரவியது. நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் இப்படி மறைந்த சார்க்கோமா இருக்கலாம் என்று கணித்து, அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014-இல் எச்சரித்தது. இயந்திரம் என்ற அளவில் அது தன் வேலையைக் குறையின்றிச் செய்தது. எந்தத் திசுவில் பயன்படுத்தப்படும் என்ற கேள்விதான் போதிய அளவு கேட்கப்படவில்லை.

உங்கள் திட்டத்தில் இடர் மதிப்பீடு எழுதும்போது, மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநெறியான ஐ.எஸ்.ஓ. 14971-இன்படி மின்கசிவு, முறிவு, கிருமித்தொற்று ஆகியவற்றைப் பட்டியலிடுவீர்கள். அதே பட்டியலில் புற்றணு சிதறுதல், திசு துண்டாகிப் போதல், ஓரம் படிக்க முடியாமல் போதல் ஆகிய மூன்றையும் தனித்தனி இடர்களாக எழுதி, ஒவ்வொன்றையும் உங்கள் வடிவமைப்பின் எந்தப் பகுதி தடுக்கிறது என்று எதிரிலேயே குறியுங்கள். எழுதி முடித்ததும் இங்கே பதிவிட்டால் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.