ஜன்னல் கைப்பிடி சும்மா சுற்றுகிறது, கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதுமா?

அழகாபுரம்_மேற்கு:

வணக்கம். சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீடு. அம்மாவின் படுக்கையறை மேற்குப் பார்த்தது, அங்கே யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், வெளிப்பக்கமாகத் திறக்கும் ரகம், உள்பக்கம் இரும்பு கிரில். வெயில் காலம் முழுக்கக் கைப்பிடி இறுக்கமாகவே இருந்தது, அம்மா கிரில் வழியாகக் கையை விட்டு முழு பலத்தையும் போட்டுத்தான் திருப்புவார். போன வாரம் அப்படித் திருப்பும்போது டக்கென்று ஒரு சத்தம், அதிலிருந்து எந்தப் பக்கம் திருப்பினாலும் கைப்பிடி சும்மா சுற்றுகிறது. ஜன்னல் பூட்டிய நிலையிலேயே நிற்கிறது, திறக்க முடியவில்லை. இந்தப் புழுக்கத்தில் அந்த அறையில் படுக்கவே முடியாது.

ஜன்னல் போட்டுக் கொடுத்தவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை. கடையில் போய்க் கேட்டால் நாலைந்து கைப்பிடிகளை எடுத்துப் பரப்பி, பின்னாடி கம்பி எவ்வளவு நீளம், ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு, வலதா இடதா என்று கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து பார்த்த ஒருவர் ஜன்னல் கதவையே முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு கைப்பிடிக்காக அவ்வளவு செலவா? நானே கழற்றி மாட்டக்கூடிய வேலையா இது, இல்லை ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டுமா? ஆடிக் காற்றுக்கு முன்னால் சரி செய்துவிடப் பார்க்கிறேன்.

ஐந்துரோடு_ஃபிட்டர்:

கதவை மாற்றச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள் அக்கா. அதே சமயம் புதுக் கைப்பிடியையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள், பழையதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் எது போயிருக்கிறது என்றே தெரியும்.

கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சதுரக் கம்பி இருக்கும், அது கதவுச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கியரின் சதுர ஓட்டைக்குள் போய் உட்காரும். நீங்கள் திருப்பினால் கம்பி கியரைத் திருப்பும், கியர் கதவின் ஓரமாக மேலும் கீழும் ஓடும் பட்டையைத் தள்ளும், அந்தப் பட்டையில் இருக்கிற சின்ன உருளைகள் நிலைச் சட்டத்தில் இருக்கிற கொக்கிக்குள் போய் மாட்டும். சும்மா சுற்றுகிறது என்றால் ஒன்று கைப்பிடிக்குள் கம்பியைப் பிடித்திருக்கும் இடம் உடைந்திருக்கும், இல்லை கியர் உடைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது கொஞ்சம் பெரிய வேலை.

கைப்பிடியின் அடித்தகட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நகத்தால் லேசாகத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஸ்க்ரூ தெரியும், சில மாடலில் மூடி நேராகக் கழன்று வரும். கிரில் இடிக்கும் என்பதால் நீளமான ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகாது, கட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடியை எடுத்த பிறகு அந்தச் சதுர ஓட்டைக்குள் 7 மி.மீ. சதுரக் கம்பி ஏதாவது விட்டு ஸ்பானரால் மெதுவாகத் திருப்புங்கள். பழைய கைப்பிடியின் கம்பி தனியாகக் கழன்று வந்தால் அதுவே போதும். ஜன்னல் திறந்துகொண்டால் கியர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். கம்பி திரும்பியும் ஜன்னல் திறக்கவில்லை, உள்ளே ஏதோ கரகரவென்று அரைபடுகிறது என்றால் கியர் போய்விட்டது. மூடிய ஜன்னலில் கியர் போனால் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையை எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும், அதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைக்காரர் கேட்டது எல்லாமே சரியான கேள்விதான். யுபிவிசி ஜன்னலில் பெரும்பாலும் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து அடுத்த ஸ்க்ரூவின் நடுவுக்கு 43 மி.மீ. வரும், கம்பி 7 மி.மீ. சதுரம். அறைக் கதவுக் கைப்பிடியின் கம்பி 8 மி.மீ., அதைப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போகவில்லை என்று சுத்தியலால் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கியரே பிளந்துவிடும். கம்பியின் நீளம்தான் ஆளுக்கு ஆள் மாறும். அடித்தகட்டிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குட்டையாக இருந்தால் கியருக்குள் பாதி மட்டும் பிடித்துக் கொஞ்ச நாளில் வழுக்கும். நீளமாக இருந்தால் அடித்தகடு சட்டத்தோடு ஒட்டி உட்காராது, அப்போது ஆக்ஸா பிளேடால் அறுத்துக் குறைத்துக்கொள்ளலாம்.

வலது இடது கேள்வி வளைந்த கைப்பிடிக்கு மட்டும்தான். நேரானதென்றால் எந்தப் பக்கத்துக்கும் ஒன்றே. எதற்கும் ஜன்னலை உள்பக்கமிருந்து ஒரு போட்டோ எடுத்து, பழைய கைப்பிடியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

குகை_வாசி:

உடைந்ததை எம்-சீல் வைத்து ஒட்டினால் நிற்காதா? எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை, தற்காலிகமாகவாவது ஓடுமா என்று யோசிக்கிறேன்.

ஐந்துரோடு_ஃபிட்டர்:

நிற்காதுங்க. உடைந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், வெளியே வெள்ளை பெயின்ட், உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக, கல்சர்க்கரையை உடைத்தது போல இருக்கும். அது துத்தநாகக் கலவை வார்ப்பு, இரும்பு மாதிரி வளையாது, ஒரேயடியாக முறிந்துவிடும். கையால் திருப்பும் விசை முழுக்க அந்தச் சின்ன இடத்தில்தான் விழும், அந்த அழுத்தத்துக்கு எந்தப் பசையும் தாங்காது. வெல்டிங் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போவதிலும் பிரயோஜனம் இல்லை, 400 டிகிரிக்குக் கீழேயே உருகி வழிந்துவிடும். ஒட்டிய கைப்பிடி பூட்டிய நிலையில் மறுபடி முறிந்தால் சங்கடம் உங்களுக்குத்தான்.

நாகலூர்_காப்பி:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் தோட்டத்து வீட்டில் எல்லாமே பழைய தேக்கு ஜன்னல், பித்தளைக் கைப்பிடி, யுபிவிசி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது என்று நினைக்கிறேன். கைப்பிடி தானாகக் கெடுவது அபூர்வம், ஜன்னல் எங்கேயோ பிடிக்கிறது, அந்தப் பிடிப்பைக் கைப்பிடியால் சமாளிக்கிறோம், கடைசியில் அது விட்டுவிடுகிறது. வெயில் காலம் முழுக்க இறுக்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காரணத்தைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் இதே வழிதான் போகும்.

எங்கள் ஊரில் உங்களுக்கு நேர் எதிர். ஆனியில் தொடங்கி மார்கழி வரைக்கும் மழையும் பனிமூட்டமும் மாறி மாறி, மரம் ஈரத்தை வாங்கி உப்பிக்கொள்ளும், ஜன்னல் நிலையோடு இறுகிவிடும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொல்வார்கள். அப்போது இழைத்தால் பங்குனியில் மரம் காய்ந்ததும் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழும், அப்புறம் அடுத்த மழையில் சாரல் முழுக்க அறைக்குள்தான். பொறுத்திருந்து கோடையில், எங்கே உரசிய தடம் பளபளப்பாகத் தெரிகிறதோ அங்கே மட்டும் எடுத்து, இழைத்த இடத்தில் மறக்காமல் வார்னிஷ் அடிக்க வேண்டும். இழைத்த வெறும் மரத்தை மூடாமல் விட்டால் அந்த வழியாகவே மறுபடி ஈரம் ஏறும்.

மர ஜன்னல்காரர்களுக்கு இன்னொன்று. கைப்பிடி ஆடுகிறது என்றால் பாதி நேரம் கைப்பிடியில் கோளாறே இருக்காது, ஸ்க்ரூ ஓட்டை அகலமாகி இருக்கும். பெரிய ஸ்க்ரூவைப் போட்டு முறுக்காதீர்கள், பழைய தேக்கு நீளவாக்கில் பிளந்துகொள்ளும். ஓட்டைக்குள் ஃபெவிகால் விட்டு மூங்கில் குச்சியைச் சீவி இறுக்கமாக அடித்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மட்டமாக அறுத்து, நடுவில் சின்ன பிட்டால் துளை போட்டு அதே அளவு ஸ்க்ரூவை மாட்டினால் கல் மாதிரி நிற்கும். பித்தளைக் கைப்பிடிக்குப் பித்தளை ஸ்க்ரூதான் போட வேண்டும், இந்த ஈரத்தில் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை தனியாக வந்துவிடும். பித்தளை மென்மையானது என்பதால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை ஏற்றி இறக்கி மரத்தில் மரை போட்டுவிட்டு, பித்தளை ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பு தேய்த்து ஏற்றுங்கள்.

பூட்டு வைத்த கைப்பிடி தேவையா என்று யாராவது கேட்டால், ஏற்காட்டுக்குக் கட்டாயம் தேவை என்பேன். சாதாரணக் கொக்கியைக் குரங்கு வெகு சுலபமாகத் திறந்துவிடும், அடுப்படி ஜன்னலுக்கு வேறு வழியே இல்லை.

அழகாபுரம்_மேற்கு:

இரண்டு பேருக்கும் நன்றி. கழற்றிப் பார்த்தேன். ஃபிட்டர் சொன்ன மாதிரியே மூடியைத் திருப்பியதும் ஸ்க்ரூ தெரிந்தது. கம்பி கைப்பிடியோடு வராமல் கியருக்குள்ளேயே நின்றுவிட்டது, அதைப் பிடித்திருந்த வார்ப்பு இரண்டாகப் பிளந்து உள்ளே சாம்பல் நிறம். ஸ்பானரை வைத்துத் திருப்பியதும் ஜன்னல் திறந்துகொண்டது, அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாகலூர் நண்பர் சொன்னதையும் பார்த்தேன். கதவின் கீழ் மூலையில், கைப்பிடி இருக்கும் பக்கம், நிலையில் உரசிய கறுப்புக் கோடு ஒன்று நன்றாகத் தெரிகிறது. மேல் மூலையில் அந்த மாதிரி எதுவும் இல்லை, அங்கே இடைவெளிதான் அதிகமாக இருக்கிறது. இதுதான் காரணமா? கைப்பிடியோடு இதையும் சரி செய்ய முடியுமா? அப்புறம் கடையில் ஸ்டெயின்லெஸ் கைப்பிடி ஒன்று காட்டினார், 304 என்றார், வாங்கலாமா?

ஐந்துரோடு_ஃபிட்டர்:

அதேதான் அக்கா. கதவு தொங்கிவிட்டது. கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலை உரசுகிறது என்றால் முதலில் கீலைப் பாருங்கள். மேலும் கீழும் இருக்கும் அந்தக் கத்தரி மாதிரியான கீலின் ஸ்க்ரூ ஏதாவது தளர்ந்திருந்தால் இறுக்கினாலே பாதி சரியாகிவிடும். கீலே தேய்ந்து ஆடினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் மறுபடி ஒரு பக்கம் இழுக்கும்.

கீல் நன்றாக இருந்தும் தொங்கினால் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைக்கிற பிளாஸ்டிக் பேக்கிங் தப்பு. கண்ணாடியின் எடையைக் கீல் பக்கத்துக் கீழ் மூலையில் தாங்கி, அதற்குக் குறுக்காக, கைப்பிடிப் பக்கத்து மேல் மூலையில் ஒரு பேக்கிங் கொடுத்தால் கதவு தூக்கி நிற்கும். மாட்டுகிறபோது அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள், முதல் வருடம் தெரியாது, அப்புறம் கண்ணாடி எடையில் சட்டம் மெல்ல இறங்கும். மேற்கு வெயிலில் யுபிவிசி நீண்டு கொடுக்கும், ஏற்கெனவே தொங்கிய கதவு அப்போது இன்னும் இறுகும், அதனால்தான் சாயங்காலத்தில் மட்டும் அதிகமாகப் பிடித்திருக்கும். இந்த பேக்கிங் வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள், பீடிங்கைக் கழற்றிக் கண்ணாடியைத் தூக்க வேண்டும்.

ஜன்னல் திறந்திருக்கும்போது கைப்பிடியைப் பூட்டும் பக்கமாகத் திருப்பி விடக்கூடாது என்று அம்மாவிடமும் சொல்லுங்கள். காற்றில் அப்படியே அடித்துச் சாத்தினால் உருளைகள் நிலையில் மோதும், கியர் போவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணெய் போடுவதென்றால் ஓடும் பட்டைக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, ரப்பர் மேல் படக்கூடாது, பட்டால் ரப்பர் ஊறிப் பருத்து ஜன்னல் மூடவே சிரமமாகும். ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே.

லீபஜார்_இரும்பு:

304 பற்றி மட்டும் சொல்கிறேன், அது ஸ்டெயின்லெஸ்ஸில் நல்ல ரகத்தின் எண். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, ஆகவே 304 என்று கடையில் நிரூபித்துக் காட்டினால் நம்பாதீர்கள், 202 என்ற மலிவு ரகமும் காந்தத்தில் ஒட்டாது. நம்ம ஊர் உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் தயாராகிறது என்பதற்காக சேலத்தில் விற்கிற ஸ்டெயின்லெஸ் எல்லாம் ஒரே தரம் ஆகிவிடாது. பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் விட்டுவிடுங்கள். சேலத்துக் காய்ந்த காற்றில், அறைக்குள்ளே இருக்கும் கைப்பிடிக்கு நல்ல அலுமினியக் கைப்பிடியே தாராளமாகப் போதும். ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பது ஏற்காட்டில்தான் நியாயம்.

ஐந்துரோடு_ஃபிட்டர்:

லீ பஜார் அண்ணன் சொன்னது சரி. வாங்குவதற்கு முன்னால் இன்னும் ஒரு அளவு எடுத்துக்கொண்டு போங்கள், கதவுச் சட்டத்திலிருந்து கிரில் கம்பி வரைக்கும் எவ்வளவு இடம் என்று. புதுக் கைப்பிடி பழையதைவிட உயரமாக இருந்தால் திருப்பும்போது விரல் கிரிலில் இடிக்கும். கடையிலேயே கைப்பிடியைப் படுக்கை வாட்டில் வைத்து உயரத்தை அளந்து பாருங்கள், விரல் நுழைய 25 மி.மீ.யாவது மீதி வேண்டும். மாட்டும்போது இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள், எங்கே கனமாகிறதோ அங்கே அரைச் சுற்று தளர்த்தி விட்டுவிடுங்கள்.