மருந்து டப்பால "குலுக்காதீர்கள்"னு ஏன் போட்டிருக்கு? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஆன்டிபாடி மருந்துக்கு ஃபார்முலேஷன் பண்ற, அதாவது மருந்துக் கரைசல்ல கூட என்னென்ன சேர்க்கணும்னு பார்க்கிற லேப்ல இருக்கேன். குலுக்காதீங்கன்னு போட்டிருக்கிறத சும்மா சம்பிரதாயம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அதனாலதான் இத எழுதுறேன்.

சர்ஃபாக்டன்ட் (மேற்பரப்புல போய் உக்காந்துக்கிற, சோப்பு மாதிரியான பொருள்) சேர்க்காத ஒரே ஆன்டிபாடி கரைசல எடுத்து ஒரு வயல்ல (vial, சின்ன மருந்துக் குப்பி) பாதி மட்டும் ஊத்தினோம், இன்னொன்னுல காத்துக்குமிழியே இல்லாம விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடினோம், ரெண்டையும் ராத்திரி முழுக்க ஷேக்கர்ல போட்டுட்டோம். காலைல கருப்பு அட்டைக்கு முன்னாடி வச்சு லைட் அடிச்சுப் பார்த்தா பாதி வயல்ல வெள்ளை வெள்ளையா நூலும் செதிலுமா மிதக்குது, முழு வயல் தெளிவா இருக்கு. அதே மருந்து, அதே ஆட்டம், உள்ள காத்து இருந்துச்சா இல்லையாங்கிறது ஒன்னுதான் வித்தியாசம்.

ஆன்டிபாடி சுமார் 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடைய அளக்குற அலகு) எடை உள்ள பெரிய புரோட்டீன், அதுல தண்ணியோட ஒத்துப்போற இடமும் உண்டு ஒதுங்குற இடமும் உண்டு. காத்தும் தண்ணியும் சந்திக்கிற மேற்பரப்பு கிடைச்சா ஒதுங்குற பகுதி காத்துப் பக்கம் திரும்பிக்கும், மூலக்கூறு அங்கயே ஒட்டிக்கும், மடிப்பு கொஞ்சம் கலையவும் செய்யலாம், அப்புறம் பக்கத்துல இருக்கிறதோட பின்னிக்கிட்டு பால் மேல ஏடு படியுற மாதிரி ஒரு மெல்லிசு படலம் ஆயிடும். அசையாம வச்சிருந்தா அது பெரும்பாலும் அங்கயே கிடக்கும். குலுக்கினாத்தான் ஆபத்து, ஏன்னா மேற்பரப்பு சுருங்குறப்போ படலம் மடிஞ்சு ஒடிஞ்சு துண்டு துண்டா உள்ள விழுது, விரியுறப்போ காலியான இடத்துல புதுசா புரோட்டீன் வந்து ஏறுது, இது திரும்பத் திரும்ப நடந்துக்கிட்டே இருக்கு.

இதுக்குத்தான் பாலிசார்பேட் 20, பாலிசார்பேட் 80, போலாக்சமர் 188 மாதிரி சர்ஃபாக்டன்ட் சேர்க்கிறது. பொதுவா 0.01 லேர்ந்து 0.1 சதவீதம் போதும். சின்ன மூலக்கூறு, ஓடிப்போய் மேற்பரப்புல முதல்ல இடம் பிடிச்சுக்கும், புரோட்டீனுக்கு இடம் கிடைக்காது.

*

நல்ல பதிவு சார். நான் ஆஸ்பத்திரி ஃபார்மசில இன்ஃப்யூஷன் கலக்குற பிரிவு. இங்க இருந்து ஒன்னு சேர்த்துக்கோங்க, வயல்ல இருக்கிற மருந்த சலைன் பைக்குள்ள விடும்போது ஆன்டிபாடி மட்டும் நீர்த்துப் போகல, அதக் காப்பாத்துற பாலிசார்பேட்டும் சேர்ந்துதான் நீர்த்துப் போகுது. பைக்குள்ள காத்து வேற நிக்குது. அதையே நியூமேட்டிக் ட்யூப்ல (காத்தழுத்தத்துல பொருள வார்டுக்குத் தள்ளுற குழாய்) போட்டு வார்டுக்கு அனுப்பினா என்ன ஆட்டம் ஆடும்னு யோசிச்சுப் பாருங்க! நாங்க இந்த மருந்துகள ஆள் கையிலதான் கொடுத்து அனுப்புறோம். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் பக்கத்துல நின்னு காட்டுவேன், ஊசிலேர்ந்து பீய்ச்சி அடிக்காம பைக்குள்ள மெதுவா விடணும், கலக்கும்போது பைய மெல்ல தலைகீழா திருப்பித் திருப்பி வைக்கணும், நுரை வந்துச்சுன்னா நிறுத்திடணும். நுரைங்கிறதே முழுக்க முழுக்க காத்து-தண்ணி மேற்பரப்புதானே. சில மருந்துக்கு இன்லைன் ஃபில்டர் (மருந்து ஏறுற குழாய்லயே மாட்டுற வடிகட்டி) கட்டாயம்னே லேபிள்ல இருக்கு, அத தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

*

எனக்கு வேற மாதிரி அனுபவம். ஃப்ரிட்ஜ்ல 2 லேர்ந்து 8 டிகிரில ஒழுங்கா வச்ச, யாரும் குலுக்காத சாம்பிள்லயே ரொம்ப மாசம் கழிச்சு துகள் வந்துச்சு. புரோட்டீன்தான் திரண்டிருக்கும்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னாங்க, பிரிச்சுப் பார்த்தா கொழுப்பு அமிலம்! ஆன்டிபாடிய உற்பத்தி பண்ற செல்லோட என்சைம் சுத்திகரிப்புல தப்பி துளியூண்டு ஒட்டிக்கிட்டு வந்து பாலிசார்பேட்ட மெல்ல மெல்ல வெட்டிக்கிட்டே இருந்திருக்கு, அதுலேர்ந்து வந்ததுதான் அந்தக் கொழுப்பு அமிலம். காவலுக்கு வச்ச பொருளே குறைஞ்சுட்டா அப்புறம் லாரில ஏத்தி அனுப்பும்போது மேற்பரப்ப யாரு பாத்துக்கிறது? அதனால மருந்து தயாரான அன்னைக்கு எடுத்த ஷேக்கிங் ரிசல்ட்ட மட்டும் நம்ப வேண்டாம், காலாவதி நெருங்குன சாம்பிளையும் கட்டாயம் குலுக்கிப் பார்க்கணும்ங்கிறது என் உறுதியான கருத்து.

*

நான் லேப் ஆளு இல்லங்க, அம்மாவுக்கு வீட்லயே ப்ரீஃபில்டு சிரிஞ்ச் (மருந்து முன்னாடியே நிரப்பி வர்ற ஊசி) போட்டு விடுறேன். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்ததும் சீக்கிரம் குளிர் போகட்டும்னு ஆட்டிட்டே இருக்கலாமா?

*

வேண்டாம்மா. லேபிள்ல சொன்ன நேரத்துக்கு அப்படியே வெளிய வச்சிடுங்க, ஆட்டவோ சூடாக்கவோ கூடாது. போடுறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல பாருங்க, சில மருந்துல ஒன்னு ரெண்டு நிறமில்லாத துகள் இருந்தா பரவாயில்லன்னு லீஃப்லெட்லயே இருக்கும். அதுல சொல்லாத கலங்கலோ செதிலோ தெரிஞ்சா போடாதீங்க, ஃபார்மசிஸ்ட்கிட்ட கொண்டு போய் காட்டுங்க. அப்படித் திரண்ட புரோட்டீன் உள்ள போனா உடம்பு அதையே எதிரின்னு நினைச்சு மருந்துக்கு எதிராவே ஆன்டிபாடி உண்டாக்க வாய்ப்பு இருக்கு, அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாமலே போகலாம்.