அப்பாவின் பழைய கோப்பில் உள்ள திணைக்களம் எங்கே போனது?

ஹரோ மாணவி:
வணக்கம். இந்த வாரம் அப்பாவின் அகதி வழக்குக் கோப்பை ஒழுங்குபடுத்தினேன். 2004இல் லண்டனில் அகதி மேன்முறையீடுகளை விசாரிக்கும் டெய்லர் ஹவுஸில் நடந்த மேன்முறையீடு, வென்ற கேஸ்தான். ஆனால் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைக் காணவில்லை. கூடவே இருந்த ஒரு தாளில் 'அரசியலமைப்பு விவகாரத் திணைக்களம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் அது 2007இலேயே இல்லாமல் போய்விட்டதாம். கேஸை முதலில் மறுத்தது ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) என்றுதான் அப்பா சொல்வார். அப்படியென்றால் இவர்கள் யார்? பிரதியை இப்போது யாரிடம் கேட்பது?

குளிர்காய்பவன்:
எல்லாம் ஹோம் ஒபிஸ்தான் தங்கச்சி. இடைக்கிடை பெயர்ப்பலகையை மாற்றுவார்கள்.

பழைய துபாஷி:
குளிர்காயும் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அது பிழை. நான் டெய்லர் ஹவுஸில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். ஏஞ்சல் ஸ்டேஷனில் இறங்கி ரோஸ்பெரி அவெனியூவுக்கு நடந்து போவேன். வழக்குக்கு வரும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்தக் கட்டடத்தையே ஹோம் ஒபிஸ் என்று நினைத்துப் பயந்துகொண்டுதான் வருவார்கள். உள்ளே ஒரு மேசையில் ஹோம் ஒபிஸ் ஆள், மற்ற மேசையில் எங்கள் பக்க வக்கீல், முன்னால் தீர்ப்புச் சொல்பவர். முன்னால் இருந்தவருக்குச் சம்பளம் கொடுத்தது ஹோம் ஒபிஸ் இல்லை. 1987 வரை அவர்களை நியமித்தவர் உள்துறை அமைச்சர்தான், வழக்கில் ஒரு பக்கமே நடுவரையும் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. அதன் பிறகுதான் அது நீதிமன்றங்களுக்குப் பொறுப்பான லோர்ட் சான்சலர் என்ற அமைச்சரின் திணைக்களத்தின் கைக்குப் போனது. 2003 ஜூன் 12 அன்று பிரதமர் ரொனி பிளேயர் அமைச்சரவையை மாற்றியபோது அந்தத் திணைக்களத்தின் இடத்தில் வைத்ததுதான் உங்கள் தாளில் இருக்கும் பெயர். நீதிமன்றம், சட்ட உதவி, மனித உரிமைச் சட்டம், தேர்தல் சட்டம் எல்லாம் அவர்களிடம் இருந்தன.

எனக்கு மறக்காதது 2005 ஏப்ரல். அதுவரை முன்னால் இருந்தவர் 'அட்ஜுடிகேட்டர்'. நான் தமிழில் 'நடுவர்' என்பேன். ஒருமுறை ஒரு பெரியவர் மெல்லமாக, "இவர் விசில் ஊதுவாரோ தம்பி?" என்று கேட்டார். காதில் விழுந்த எதையும் விடக்கூடாது என்பது எங்கள் விதி, அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவர் சிரித்தார், ஹோம் ஒபிஸ் ஆள் சிரிக்கவில்லை. அந்த ஏப்ரலில், நடுவர், அவருக்கு மேலே ஒரு தீர்ப்பாயம் என்று இரண்டு அடுக்காக இருந்ததை ஒன்றாக்கிப் புதிய தீர்ப்பாயம் வந்தது. அதே ஆள், அதே கதிரை, ஆனால் பட்டம் 'இமிகிரேஷன் ஜட்ஜ்'. நானும் 'நீதிபதி' என்று மாற்றிக்கொண்டேன். எங்கள் சனம் முதல் நாளிலிருந்தே 'ஜட்ஜ் ஐயா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்காக அந்தத் திணைக்களம் எங்களுக்குச் சார்பாக நின்றது என்று நினைக்கவேண்டாம். 2003 கடைசியில் வந்த அகதிச் சட்டமூலத்தில், தீர்ப்பாயத்தின் முடிவை மேல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவே முடியாதபடி ஒரு பிரிவு இருந்தது. அதை அரசு சார்பில் பேசித் தாங்கியவர்களில் இந்தத் திணைக்களமும் உண்டு. தலைமை நீதிபதியாக இருந்த லோர்ட் வுல்ஃப் வெளிப்படையாகவே எதிர்த்தார். 2004 மார்ச்சில்தான் கைவிட்டார்கள். உங்கள் அப்பாவின் கேஸ் நடந்த அதே வருடம், பாருங்கள்.

சட்டப் பைத்தியம்:
துபாஷி ஐயா சொன்னதோடு ஒரு வேடிக்கை. அப்போது லோர்ட் சான்சலர் என்றால், அமைச்சரும் அவரே, நீதிபதிகளின் தலைவரும் அவரே, பிரபுக்கள் சபையின் சபாநாயகரும் அவரேயாக இருந்தார். பதவியில் இருந்த லோர்ட் இர்வின், பிளேயருக்கு வக்கீல் தொழில் பழக்கியவர். அவரை அனுப்பிவிட்டுத் தன் பழைய அறைத்தோழர் ஃபால்கனரைப் பிளேயர் கொண்டுவந்தார். கூடவே லோர்ட் சான்சலர் பதவியையே ஒழிப்பதாகவும் அறிவித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, ஏராளமான சட்டங்களில் அந்தப் பதவிக்கு வேலை இருக்கிறது, அறிக்கை விட்டு ஒழிக்க முடியாது என்று! ஃபால்கனர் பொய்முடியும் அங்கியும் மாட்டிக்கொண்டு பிரபுக்கள் சபையில் சபாநாயகருக்கான கம்பளி மெத்தை இருக்கையில் போய் உட்காரவேண்டியதாயிற்று. 2005இல் வந்த ஒரு சட்டம் அந்தப் பதவியின் அதிகாரங்களைப் பிரித்தது, பதவி இன்றும் இருக்கிறது. திணைக்களம்தான் நாலு வருடம்கூடத் தாங்கவில்லை. 2007 மே 9 அன்று ஹோம் ஒபிஸிடமிருந்து சிறைச்சாலைகளையும் சேர்த்து நீதி அமைச்சு ஆக்கிவிட்டார்கள். சிறைச் செலவு நீதிமன்றப் பணத்தைச் சாப்பிட்டுவிடும் என்று நீதிபதிகள் அப்போதே கவலைப்பட்டார்கள்.

பழைய துபாஷி:
பிரதி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஹோம் ஒபிஸிடமே கேளுங்கள். வழக்கின் மறுபக்கம் அவர்கள்தான், தீர்ப்பு அவர்களுக்கும் போயிருக்கும். தன்னைப் பற்றிய தரவுகளைத் தரும்படி அப்பா கேட்கலாம், கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். நீங்கள் கேட்பதானால் அவருடைய கையெழுத்து வேண்டும்.

ஹரோ மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கு விசில் கதையை வாசித்துக் காட்டினேன். தானும் 'ஜட்ஜ் ஐயா' என்றுதான் கூப்பிட்டாராம். "திரும்பவும் ஹோம் ஒபிஸுக்குக் கடிதமோ" என்று முகத்தைச் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.