புதுப்பிப்பு: பழைய ஏர்ஃபிக்ஸ் வேகன் கிட், வளைந்த பக்கச்சுவர், ஒட்டாத பெயின்ட்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் இது: 1/76 அளவு, 16 டன் நிலக்கரி ரயில் வேகன். பக்கச்சுவர் வளைந்திருக்கிறது, பெயின்ட் உரிகிறது என்று கேட்டிருந்தேன்.

வளைவுக்கு வெந்நீர்தான் கை கொடுத்தது. கொதிநீர் வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். முக்கி எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஆறும்வரை அழுத்தி வைத்தேன். பெயின்ட் உரிந்தது, நீங்கள் சொன்ன அதே அச்சு எண்ணெயால் (பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது). பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தபின் பிரைமர் (அடிப்பூச்சு) நன்றாகப் பிடித்தது.

துருப்பிடித்த தோற்றத்துக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஆயில் பெயின்ட், டர்பன்டைனில் கரைத்தது. அடியில் இருப்பது காய்ந்த அக்ரிலிக் பெயின்ட் என்பதால் அது கரையவில்லை. நிலக்கரி உரசும் உட்புறத்தில்தான் துரு தாராளமாக வேண்டும். வெளியே அள்ளிப் பூசினால் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

எதிர்பாராதது ஒன்று. செங்கோட்டையில் இப்போது சாரல். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் வேகன் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது, ஈரக்காற்றின் வேலை. மேலே கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷைத் தூரிகையால் பூசியதும் வெண்மை மறைந்தது. காய்ந்தபின் மேட்டையும் தூரிகையாலேயே முடித்தேன். தென்காசி, புனலூர் பக்கத்துக்காரர்கள் சாரல் ஓயும்வரை ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள்.

அப்புறம், எடை. ஒரு சக்கர அச்சுக்கு 25 கிராம் என்ற கணக்கில் தூண்டில் ஈயத்தை அடியில் ஒட்டினேன். பாயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடம்) தடம் புரளவில்லை.