9 மா நஞ்சை: சாகுபடிக்கு எடுத்தவர் "12 வருஷம் ஆச்சு, நிலம் எனக்குத்தான்" என்கிறார்

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் தாலுகாவில் அப்பா பேரில் 9 மா நஞ்சை (ஏறக்குறைய 3 ஏக்கர்). 2006-ல் வாய்ப்பேச்சாக ஒருவருக்குச் சாகுபடிக்கு விட்டது. சம்பா அறுப்பு முடிந்ததும் மாவுக்கு 2 மூட்டை அளந்துகொண்டிருந்தார். 2021-ல் அப்பா காலமானார். அதிலிருந்து ஒரு மணி நெல் வரவில்லை. மேற்கே வாய்க்காலை ஒட்டித் தகரக் கொட்டகையும் போட்டிருக்கிறார். கேட்டால் 12 வருஷமாக நிலம் தன் அனுபவத்தில், தன் கையில் என்கிறார். பட்டா இன்னும் அப்பா பேரில்தான். வாரிசு மூன்று பேர், ஒருவர் சிங்கப்பூரில். போலீஸில் சிவில் மேட்டர் என்று திருப்பிவிட்டார்கள். நடவுக்கு முன் நாமே டிராக்டரை இறக்கி உழுதுவிடலாமா?

பத்திரக்கட்டு:
தயவுசெய்து டிராக்டரை இறக்காதீர்கள். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-வது பிரிவுப்படி, சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் அனுபவம் அவருக்கே திரும்பும். அந்த வழக்கில் நிலம் யாருடையது என்றே நீதிமன்றம் பார்க்காது. உங்கள் பத்திரம் எவ்வளவு பலமானாலும் அங்கே எடுபடாது.

12 வருஷக் கணக்கை ஊரில் எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். காலவரையறைச் சட்டம் 65-வது இனத்தில் 12 வருஷம் இருப்பது உண்மை. ஆனால் அது ஓடத் தொடங்குவது அவர் வயலில் இறங்கிய நாளில் இல்லை, உங்கள் உரிமையை மறுத்து வெளிப்படையாக அனுபவிக்கத் தொடங்கிய நாளில். அனுமதியோடு வந்தவர் 30 வருஷம் உழுதாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது. 2020 வரை நெல் அளந்தவர் அதுவரை உங்கள் அப்பாவை உரிமையாளராக ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்தத் தேதியிலிருந்து எதிரிடை என்று சொல்லி நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவருடையது. 2019-ல் உச்ச நீதிமன்றம் எதிரிடை அனுபவத்தை வைத்து வாதியாகவும் வழக்குப் போடலாம் என்றது. அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். நிரூபிக்க வேண்டிய விஷயங்கள் அதனால் குறைந்துவிடவில்லை.

குடமுருட்டி:
மேலே சொன்னது சரி. ஆனால் இங்கே பெரிய சிக்கல் அவர் ஆக்கிரமிப்பாளரா, சாகுபடி குத்தகைதாரரா என்பதுதான். தானோ குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட்டுச் சாகுபடி செய்தால் 1955-ம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு உண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் மட்டும் அது போய்விடாது. அப்படியானால் வெளியேற்ற முன்சீப் கோர்ட்டுக்குப் போய்ப் பயனில்லை; தனித்துணை ஆட்சியர் நடத்தும் வருவாய் நீதிமன்றத்தில்தான் மனு. முதலில் தாலுகா ஆபீஸில் 1969-ம் வருஷத்துச் சட்டப்படியான குத்தகைப் பதிவேட்டில் அவர் பேர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இனி மனுப்போடுவார். அந்த நோட்டீஸ் இறந்துபோன அப்பா பேருக்குப் பழைய விலாசத்தில் போய், ஆள் வராமலே உத்தரவாகிவிடும். அதனால் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று வைத்து இ-சேவையில் கூட்டுப் பட்டாவுக்கு இந்த வாரமே போடுங்கள்.

வெளியேற்றக் காரணம் இரண்டு கையில் இருக்கிறது: குத்தகை பாக்கி, உரிமையை வேண்டுமென்றே மறுத்தது. "நிலம் எனக்குத்தான்" என்று அவர் சொல்வதே இரண்டாவது காரணம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அதற்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாக்கியை மட்டும் நம்பினால், நீதிமன்றம் கெடு கொடுக்கும்; அவர் பணத்தைக் கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. கணக்கை ஆண்டுவாரியாக, 9 மாவுக்கு 18 மூட்டை வீதம், நெல்லாகவும் அந்தந்த ஆண்டு விலையில் ரூபாயாகவும் எழுதுங்கள். குத்துமதிப்பாக எழுதினால் குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும்.

குத்தகைதாரர் இல்லை என்று முடிவானால்தான் சிவில் வழக்கு. அப்போது வெறும் தடையுத்தரவு கேட்காதீர்கள். கட்டணம் குறைவு என்று பலர் அதைத்தான் போடுகிறார்கள். அனுபவம் எதிராளியிடம் இருக்கும்போது உரிமை விளம்புகையும் (நிலம் நமதென்ற தீர்ப்பு) சுவாதீனமும் (நிலம் கைக்கு வருவது) சேர்த்துக் கேட்காத வழக்கு நிற்காது.

வெண்ணாற்றங்கரை:
அப்பாவின் அளவு நோட்டு இருக்கிறது. 2012 முதல் 2020 வரை மூட்டைக் கணக்கும் பக்கத்தில் சாகுபடிக்காரர் கையெழுத்தும். போதுமா?

பத்திரக்கட்டு:
அதுதான் உங்கள் ஆதாரம். தாளைக் கிழிக்காதீர்கள், மேலே எதுவும் எழுதாதீர்கள், முழு நோட்டாகவே வையுங்கள். எதிரிடை அனுபவம் அதோடு முடிந்தது. ஆனால் அதே நோட்டு அவரைக் குத்தகைதாரர் என்றும் காட்டும். ஆகவே வருவாய் நீதிமன்றப் பாதை என்று மனசில் வைத்துக்கொண்டே தாக்கல் செய்யுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் அனுப்பட்டும்; இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கீழவடிகால்:
எல்லோரும் சொல்லாமல் விட்டது அடங்கல், அதாவது விஏஓ எழுதும் பயிர்க் கணக்கு. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட விஏஓவின் அடங்கல் வேண்டும், பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் வேண்டும். அதனால் ஒவ்வொரு பசலியிலும் (வருவாய்த் துறைக் கணக்காண்டு) சாகுபடியாளர் பேர் ஏறிக்கொண்டே வரும். பசலி ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் எண் கிடைக்கும், 2024 ஜூலையில் தொடங்கியது 1434. பசலி 1416 முதல் இன்றுவரை அடங்கல் நகல் கேளுங்கள். எந்த ஆண்டில் அப்பா பேர் போய் அவர் பேர் தனியாக வந்தது என்பது வழக்குக்கு மிக முக்கியம்.

கொட்டகையை மறக்காதீர்கள். புலப்படம் எடுத்து எஃப்-லைன் (புல எல்லைக்கோடு) அளவைக்குப் பணம் கட்டி, சர்வேயர் வரும் நாளில் பக்கத்து வயல்காரர்களையும் கூப்பிடுங்கள். ஒரு மா என்பது 100 குழி, குழிக்கு 144 சதுர அடி. ஆக 9 மாவுக்கு 1,29,600 சதுர அடி, ஏறக்குறைய 2 ஏக்கர் 97 சென்ட். பக்கத்து வயல்காரர் வரப்பை வருஷாவருஷம் மண்வெட்டியால் ஒரு விரற்கடை சீவி, வெட்டிய மண்ணைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டே வந்தால் 20 வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு முழம் போயிருக்கும். சர்வே கல்லில் இருந்து சங்கிலி பிடித்தால்தான் தெரியும், வரப்பில் இருந்து பிடித்தால் தெரியாது. கொட்டகை வாய்க்கால் புறம்போக்கில் நின்றால் அது 1905-ம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டியது. உங்கள் வழக்கில் அதைச் சேர்க்காமல் தனி மனுவாகக் கொடுங்கள். உங்கள் புல எண்ணுக்குள் நின்றால் சர்வேயர் ஸ்கெட்சிலேயே அதைக் குறிக்கச் சொல்லுங்கள். 1971-ம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம் என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள், அது சட்டம் குறித்த தேதியிலேயே அங்கே குடியிருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்குமானது.

அளவைக்குப் போகும் முன் அ-பதிவேட்டில் (புல எண்வாரியாக உரிமையாளர் பேர் எழுதிய கிராமப் பதிவேடு) புல எண்ணைப் பார்த்துவிடுங்கள். கோவில் அல்லது மடம் பேர் இருந்தால் வழி முழுக்க மாறும், அப்போது அறநிலையத் துறையும் வழக்கில் ஒரு தரப்பாக வரும்.